கன்னொருவையின் கோப்பியும் சோயாவும்

கன்னொருவை என்றதும் பாடப்புத்தகம் 1638ஆம் ஆண்டுப் போரைச் சொல்லும். இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரைச் சுற்றி வளைத்து அழித்த இடம் அது. பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு எதிரே, மகாவலியின் மறுகரையில் இருக்கிறது. அந்த ஊருக்கு வேறு இரண்டு கதைகளும் உண்டு. 1820களின் நடுவில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே கோப்பித் தோட்டம் போட்டார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே ஊரில் சோயா உணவு ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. பெண்களின் மார்பு நோவுக்குக் கோப்பிதான் காரணம் என்று மருத்துவ உலகம் ஒரு காலத்தில் பழி போட்டது. சோயாவை அதற்கு மருந்தென்று புகழ்ந்தது. பழியும் புகழும் அளவுக்கு மிஞ்சியவை. இடைப்பட்ட காலத்தில் கண்டி மலைகளில் வாழ்ந்த பெண்கள் அந்த நோவை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. சட்டங்களிலும் அடுப்படிப் பழக்கங்களிலும் மருத்துவச் சஞ்சிகைகளிலும் சிதறிக் கிடப்பதைத்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இராஜசிங்கன் காலத்திலிருந்தே தொடங்கலாம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், தப்பிப் போன பிறகு 1681இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். கண்டி மக்கள் அநேகமாக எல்லோருமே தமக்குத் தாமே வைத்தியர்கள், காடுதான் அவர்களுடைய மருந்துக்கடை, இலையும் வேரும் பட்டையுமே மருந்து என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பெண்களின் நோவு பற்றி அவருக்குத் தெரிய வழியில்லை. வெளிநாட்டு ஆண்பிள்ளையிடம் அதை யார் சொல்லப்போகிறார்கள்?

அந்த மருந்துக்கடையில் பெண்களுக்கென்று வைத்திருந்தவை இன்றைக்கும் கண்டிச் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. முதலிடம் சாத்தாவாரிக்கு. தமிழ்நாட்டில் தண்ணீர்விட்டான் கிழங்கு என்பார்கள். சிங்கள வீடுகளில் ஹாத்தாவாரிய. இலையை இடித்துச் சாறெடுத்துச் சிவப்பரிசியோடும் தேங்காய்ப்பாலோடும் காய்ச்சினால் கொலகந்த என்கிற இலைக்கஞ்சி. வல்லாரை, முடக்கத்தான், பொன்னாங்காணி எல்லாவற்றிலும் இந்தக் கஞ்சி உண்டு. ஆனால் பிள்ளை பெற்றவளுக்கும் மாதவிடாய் ஒழுங்கில்லாதவளுக்கும் சாத்தாவாரிதான் என்பது கிராமத்து வெதமாத்தயாக்களின், அதாவது நாட்டு வைத்தியர்களின், கணக்கு. பால் சுரப்புக்கான புரோலாக்டின் என்ற ஹோர்மோனை இது கூட்டுகிறதா என்று இந்தியாவில் ஆராய்ந்தார்கள். ஓர் ஆய்வு ஆம் என்றது, இன்னொன்று வித்தியாசமே இல்லை என்றது. கஞ்சி நல்ல கஞ்சி. மருந்து என்று சத்தியம் செய்ய முடியாது.

கோப்பியும் கண்டி மக்களுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர் வருமுன்பே வீட்டு வேலியோரம் நின்ற செடி. கொழுந்தைக் கறிக்கும் பூவைக் கோயிலுக்கும் எடுத்தார்கள் என்றும், கொட்டையை வறுத்துக் குடிக்கும் பழக்கம் பின்னால்தான் வந்தது என்றும் சொல்வார்கள். கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்டும், கன்னொருவையில் பார்ன்சும் அதைப் பெருந்தோட்டமாக்கினார்கள். காட்டை வெட்டவும் பழம் பறிக்கவும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டை நடந்து கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறிய கூட்டம் பெரும்பாலும் ஆண்களின் கூட்டம். பழம் பறித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள்.

தேயிலை வந்துதான் பெண்களைக் கொண்டு வந்தது. 1867இல் தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டே ஆண்டில் கோப்பி இலையில் துரு நோய் தோன்றியது, அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி முடிந்தது. கோப்பிப் பழம் வருடத்தில் ஒரு பருவம். தேயிலைக் கொழுந்தோ ஏழெட்டு நாளைக்கொரு தரம், வருடம் முழுக்க. அதைக் கிள்ள லயம் எனும் வரிசை வீடுகளில் குடும்பம் குடும்பமாக நிரந்தரமாக இருந்தாக வேண்டும். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், பிறகு மலை, நடுவில் கொழுந்து நிறுவை, சாயங்காலம் மறுபடி நிறுவை. கைப்பிள்ளைக்காரிக்கும் அதே மணிதான்.

மலைநாட்டு மார்நோவின் வரலாற்றில் பெரும்பங்கு இந்த மணிக்கணக்கின் வரலாறு. பிள்ளை பால் குடிக்கும் நேரம் தவறினால் பால் கட்டும். மார்பு கல்லாக இறுகும், தொட்டால் சுடும், நெறி கட்டும், காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் சீழ் பிடிக்கும். ஹோர்மோன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, தோட்டத்து மணிக்கணக்குத்தான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா வந்தது இதற்குத்தான். ஆயாவிடம் பிள்ளையை விட்டுவிட்டுப் போன தாய் நேரத்துக்கு வந்து பால் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்புவாள். வேலை நடக்கும் மலை தூரமாக இருந்தால் அந்த நடையே அரை மணித்தியாலத்தை விழுங்கும்.

சட்டம் மெதுவாகத்தான் அசைந்தது. 1912இன் மருத்துவத் தேவைகள் சட்டம், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் தர வேண்டும், வைத்தியர் அனுமதி இல்லாமல் அந்த மாதத்தில் வேலை வாங்கக் கூடாது என்று தோட்டத் துரைமாருக்குச் சொன்னது. 1939இல் பிரசவ நன்மைச் சட்டம் வந்தது. பின்னாளில் அதில் சேர்த்த திருத்தம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை. பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். பால்கட்டுக்கு எந்தப் பத்தியமும் எந்த மாத்திரையும் செய்ததைவிட இந்த ஒரு வரி அதிகம் செய்திருக்க வேண்டும்.

பத்தியம் என்றதும் ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு லயத்து வீடுகளில் கொடுத்தவை பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, கருவாடு, நல்லெண்ணெய். கைக்கு எட்டினால் பால்சுறா. எல்லாமே பால் ஊறுவதற்கான சாப்பாடு என்ற நம்பிக்கையில். முப்பது நாள் வீட்டில் இருப்பவளுக்கு அது பொருத்தம். நாலு மணித்தியாலம் பிள்ளையைப் பிரிந்து மலையில் நிற்பவளுக்கு, உண்மையிலேயே பால் ஊறினால், நோவு கூடத்தான் செய்யும். மாமியாரும் தாயும் பக்குவமாகச் சமைத்துக் கொடுத்த அதே சாப்பாடு, மலையில் அவளுக்கு வேதனையாகியிருக்கலாம். செடி மறைவில் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிய தாய்மாருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாலை நிறுத்த வேண்டிய நிலையும் வரும். பிள்ளை தவறிப்போனால் வரும். பிறந்த குழந்தைகள் ஏராளமாக இறந்த காலத்துத் தோட்டங்களில் அது அரிதான நிலையல்ல. அதற்குத் தமிழ்ப் பெண்களிடம் இருந்த மருந்து மல்லிகைப்பூ. சரமாகத் தொடுத்து மார்பில் வைத்துக் கட்டுவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். கண்டி மலைகளுக்கு வந்தவர்களின் ஊர்களும் அந்த வழக்கம் உள்ள ஊர்கள்தான். கைவைத்தியம் என்று ஒதுக்கியிருக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஒதுக்கவில்லை. பால் சுரப்பை நிறுத்த வேண்டியிருந்த 60 பெண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு அந்தக் காலத்து முதல்தர மருந்தான புரோமோகிரிப்டினையும் மற்றவர்களுக்கு மல்லிகைச் சரத்தையும் கொடுத்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். இரத்தத்தில் புரோலாக்டினை மாத்திரை அதிகமாகக் குறைத்தது உண்மை. ஆனால் பால் வற்றுவதிலும் மார்பின் இறுக்கம் தணிவதிலும் பூவும் மாத்திரையும் சமமாக நின்றன. வசதியில்லாத இடங்களுக்குப் பூ செலவில்லாத நல்ல வழி என்றார்கள். பக்கவிளைவுகளுக்குப் பயந்து, இந்தத் தேவைக்கு அந்த மாத்திரையைப் பயன்படுத்துவதை 1990களின் நடுவில் அமெரிக்கா கைவிட்டது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வேலூர் ஆய்வில் எதுவும் செய்யாமல் விட்ட மூன்றாவது கூட்டம் இல்லை. பிள்ளை குடிக்காவிட்டால் சில நாளில் பால் தானாகவே வற்றும். பூவின் பங்கு எவ்வளவு, நாட்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அது போதாது. நுவரெலியாவிலிருந்து லொறி லொறியாக இறங்கும் கோவா இலைக்கும் இதே கதைதான். குளிர்ந்த கோவா இலையை மார்பில் வைத்துக் கட்டினால் பால்கட்டு நோவு தணிகிறது என்று தென்னாபிரிக்கா வரை ஆராய்ந்திருக்கிறார்கள். ஓரளவு ஆறுதல் கிடைக்கிறது. கெடுதல் இல்லை.

மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் மார்பு கனத்து நோவது வேறு விஷயம். ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டரோனும் மாதாமாதம் ஏறி இறங்கும்போது மார்புத் திசு வீங்கி நீர் கோக்கும். இரத்தப்போக்கு தொடங்கியதும் இறங்கிவிடும். மாதவிடாய் நிற்கப்போகும் நாற்பதுகளில் சிலருக்கு இது தாறுமாறாகும். லயத்திலோ கிராமத்திலோ இதற்கென்று தனி மருந்து இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தது பொதுவான ஊட்டம்தான். பெரியவளான பிள்ளைக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. அதற்குப் பிறகு மாதாமாதம் வருவது அவளவள் பாடு. வயிற்றுநோவுக்கு மல்லித்தண்ணி, சுக்குக் கோப்பி. மார்நோவை வெளியே சொல்வதே கூச்சம்.

மேலைநாட்டு மருத்துவமும் வெகுகாலம் இதைவிட நன்றாக ஒன்றும் செய்துவிடவில்லை. லண்டன் அறுவைச் சிகிச்சை நிபுணர் அஸ்ட்லி கூப்பர் 1829இல் மார்பு நோய்கள் பற்றி எழுதிய நூலில், மாதவிடாயை ஒட்டிக் கூடும் இந்த நோவை விவரித்தார். பதற்ற சுபாவமுள்ள பெண்களுக்கு வருவது என்ற எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டது. கன்னொருவையில் பார்ன்சின் கோப்பி வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்த எண்ணம் கழுவப்பட நூற்றைம்பது ஆண்டு ஆயிற்று. வேல்சின் கார்டிஃப் நகரில் மார்நோவுக்கென்றே ஒரு கிளினிக் 1970களில் நடந்தது. பெண்களிடம் நோவுநாட் குறிப்பு எழுதச் சொல்லி, நோவு உண்மையானது, மாதச் சுற்றோடு கூடிக் குறைவது என்று எண்ணிக்கையாலேயே நிறுவினார்கள்.

அங்கிருந்துதான் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் உலகம் சுற்றியது. வட அமெரிக்கக் காட்டுப்பூ ஒன்றின் விதை எண்ணெய் அது. மாதச் சுற்று நோவுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஆறுதல் தந்தது என்று 1985இல் அந்தக் கிளினிக் மருத்துவர்கள் எழுத, பிரித்தானியாவில் அது மருந்துச் சீட்டுக்கே வந்துவிட்டது. பிறகு கண்டிப்பான சோதனைகள் நடந்தன. 2002இல் நெதர்லாந்தில் 120 பெண்களிடம் நடந்த சோதனையில் இந்த எண்ணெயும் மீன் எண்ணெயும் சாதாரணச் சோள எண்ணெயை வெல்லவில்லை. அதே ஆண்டு பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், பலன் போதாது என்று இந்த எண்ணெய் மாத்திரையின் அனுமதியை விலக்கிக்கொண்டது. கார்டிஃப் மருத்துவர்களே நடத்திய பெரிய சோதனை 2005இல் வெளிவந்தது. எண்ணெய் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நோவு குறைந்திருந்தது. இன்றைக்கும் கண்டி நகரத்துப் பார்மசிகளில் அந்தக் கூட்டுமாத்திரை கிடைக்கும். தோட்டத்து நாட்கூலியோடு அதன் விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் வாங்குவதற்கு முன் யோசிக்கத் தோன்றும்.

கோப்பியின் மேல் பழி வந்ததும் 1970களில்தான். அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜோன் மின்டன் என்ற மருத்துவர், கோப்பி, தேநீர், சொக்கலேட் ஆகியவற்றில் உள்ள கஃபீன் வகைப் பொருட்களை நிறுத்திய பெண்களுக்கு மார்பு நோவும் கட்டிகளும் குறைந்தன என்று 1979இல் எழுதினார். அவர் பார்த்தது சிறு எண்ணிக்கை. பிறகு வந்த பெரிய ஆய்வுகள் கஃபீனுக்கும் இதற்கும் உறுதியான தொடர்பைக் காட்டவில்லை. ஆனாலும் கோப்பியை நிறுத்திப் பார் என்பது உலகெங்கும் மருத்துவர் வாயில் தங்கிவிட்டது. நாளெல்லாம் தேயிலைச் சாயத்தில் வாழும் கண்டி மலைகளில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான். சாயத்தண்ணியின் மேல் நியாயமான குற்றச்சாட்டு வேறு. சோற்றோடும் ரொட்டியோடும் சேர்த்துக் குடித்தால் அது இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு மார்நோவைவிட அது பெரிய சங்கதி.

சோயாவின் கதை வேறு விதமானது. 1970களில் அரிசிக்கும் பருப்புக்கும் தட்டுப்பாடு வந்தபோது, விவசாயத் திணைக்களம் அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தின் உதவியோடு சோயாவை இலங்கை அடுப்படிக்குள் கொண்டுவர முயன்றது. அதற்கான ஆராய்ச்சி நிலையம்தான் கன்னொருவையில் வந்தது. சோயாவின் பச்சை வாடை எவருக்கும் பிடிக்காது. அப்பச்சோடா கலந்த தண்ணீரில் முழு விதையை அவித்தால் அந்த வாடையை எழுப்பும் நொதி செத்துவிடும் என்பது இலினொய்க்காரர்கள் கண்ட வழி. அந்த வழியில் சோயாவைப் பருப்பாகவும் பாலாகவும் தேங்காய்ப்பாலுக்கு மாற்றாகவும் சமைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தேங்காய்ப்பால் விஷயத்தில் இலங்கைப் பெண்களை ஏமாற்ற முடியவில்லை. ஒட்டிக்கொண்டது சோயா மீட். லயத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வாங்க முடியாதபோது அந்தக் கறிதான் இன்றும்.

திரிபோஷா என்ற சத்துமாவும் சோயாவின் வழியில் வந்ததுதான். கெயார் நிறுவனத்தின் துணையோடு 1973இல் தொடங்கிய திட்டம். முதலில் அமெரிக்க நன்கொடைத் தானிய மா. பிறகு உள்ளூரிலேயே சோளமும் சோயாவும் சேர்த்து, இரும்பும் விற்றமின்களும் கலந்து 750 கிராம் பொதியாக வந்தது. கர்ப்பிணிக்கும், பிள்ளை பெற்று முதல் ஆறு மாதம் வரை தாய்க்கும் கிளினிக்கில் இலவசம். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடிப்பார்கள். பாதி வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும் என்பது மிட்வைஃப் அம்மாவுக்கும் தெரியும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் சோளம் கிடைக்காமல் விநியோகம் தடைப்பட்டபோதுதான் பலருக்கு அதன் அருமை புரிந்தது.

சோயாவில் ஈஸ்ட்ரஜனைப் போல மெலிதாக நடிக்கும் பொருட்கள் இருப்பதால், ஹோர்மோன் கோளாறுகளுக்கு அதுவே மருந்து என்ற பேச்சு 1990களில் எழுந்தது. மார்நோவுக்கு ஸ்கொட்லாந்தில் சோயாப்பால் கொடுத்துப் பார்த்தார்கள். சிறிய சோதனை, முடிந்த முடிவு எதுவும் இல்லை. ஆளிவிதைக்கு மட்டும் கனடாவின் மகப்பேற்று மருத்துவர் சங்கம் 2006இல் ஒரு நல்ல வார்த்தை சொன்னது, மாதச் சுற்று நோவுக்கு முதலில் அதை முயன்று பார்க்கலாம் என்று. ஆளிவிதை கண்டியில் விளையும் பொருளல்ல. ஜெர்மனியில் இதே நோவுக்குக் கொடுக்கும் பழச்சத்து மருந்து ஒன்று நம் நொச்சியின் ஒன்றுவிட்ட உறவான செடியிலிருந்து வருவது. அது புரோலாக்டினைக் குறைக்கிறது என்பதற்குச் சோதனை ஆதாரம் உண்டு. அதற்காக வேலியில் நிற்கும் நொச்சியை அவித்துக் குடிக்கக் கூடாது. உறவு வேறு, மருந்து வேறு.

உணவில் ஒன்றைச் சேர்த்து ஹோர்மோன் கோளாறொன்றை இந்தத் தீவில் உண்மையாகவே அடக்கிய கதை ஒன்று உண்டு. அது அயடீன். மழை அடித்துக் கழுவும் ஈரவலயத்து மண்ணில் அயடீன் குறைவு, அதனால் பெண்களிடையே தொண்டைக்கழலை மிகுதி என்று 1950களிலேயே கணக்கெடுத்துச் சொன்னார்கள். தைரொய்ட் ஹோர்மோன் குறைந்தால் மாதவிடாயும் தடுமாறும், கரு தங்குவதும் தடுமாறும். 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. யாரும் போத்தல் வாங்கவில்லை, யாரும் பத்தியம் இருக்கவில்லை. எல்லோருடைய உப்புச் சிரட்டைக்குள்ளும் அது போய்ச் சேர்ந்தது. திரிபோஷாவையும் இந்த உப்பையும் ஒரு பக்கமும், எண்ணெய்க் கூட்டுமாத்திரைகளை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால், மலைநாட்டுப் பெண்ணின் உடம்புக்கு எது உதவியது என்பதில் சந்தேகமே இல்லை.

மார்நோவுக்கென்று இன்றைய மருத்துவம் உறுதியாகச் சொல்வது கொஞ்சம்தான். அளவான, நன்றாகத் தாங்கும் உள்ளாடை. நோவு கடுமையானால் மேலே பூசும் வலிநிவாரணிக் களிம்பு. முதலிரண்டு மாதம் நோவு வரும் நாட்களைக் கலண்டரில் குறித்து வைப்பது. இது புற்றுநோய் அல்ல என்று மருத்துவர் பார்த்துச் சொன்னதுமே பெரும்பாலோருக்கு நோவு தாங்கக்கூடியதாகிவிடுகிறது. விற்றமின் ஈ, பி6 மாத்திரைகளுக்குப் பலமான ஆதாரம் இல்லை. பால்கட்டுக்குப் பிள்ளைக்குப் பால் கொடுப்பதுதான் முதல் மருந்து, நோகிறது என்று நிறுத்துவது நோவைக் கூட்டும்.

ஆனால் கட்டி தட்டுப்பட்டாலோ, ஒரே இடத்தில் விடாமல் நொந்தாலோ, முலைக்காம்பில் இரத்தம் கசிந்தாலோ, தோல் உள்ளிழுத்தாலோ கஞ்சிக்கும் பூவுக்கும் காத்திருக்க வேண்டாம். 1996 முதல் இலங்கையின் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களில் பெண்களுக்கான நலக் கிளினிக் நடக்கிறது. 35 வயதைக் கடந்தவர்களுக்கு மார்புப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை, இரத்த அழுத்தம், நீரிழிவு எல்லாம் அங்கே பார்ப்பார்கள். கண்டி மாவட்டத்திலும் உண்டு. காசு வாங்குவதில்லை. எந்தக் கிழமை நடக்கிறது என்று உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேளுங்கள், லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.